பாதிக் கனம்

மேட்டுத்தோப்பில் முழங்கால் வலி உள்ளவர்கள் எல்லாரும் காலை ஆறரை மணிக்குக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். தோட்டத்தின் வாசலை ஒட்டி நிற்கிற வட்ட மண்டபத்துக்குள் நுழைந்தால் யாராக இருந்தாலும் உடம்பின் கனம் பாதியாகிவிடும் என்பதால், டாக்டர் நடக்கச் சொன்ன நாற்பது நிமிஷத்தையும் அதற்குள்ளேயே சுற்றிச்சுற்றி நடந்து கழிப்பது அந்த ஊரில் பத்தொன்பது வருஷமாக வழக்கம். வாசல்படிக்கு வெளியே ஒரு எடை மெஷின் இருந்தது, உள்ளே ஒன்று இருந்தது. வெளியே எண்பத்திரண்டு கிலோ காட்டுகிற கோமு, உள்ளே வந்து நாற்பத்தொன்றைப் பார்த்துவிட்டு, "இந்தக் கனத்துலதான் என்னையக் கட்டிக் குடுத்தாவ, திங்க வச்சே கெடுத்துட்டாவ" என்று தினமும் சொல்லுவாள். மற்றவர்களும் தினமும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்கள்.

மண்டபத்தைக் கட்டியவர்கள் வெள்ளைக்காரர்கள். செத்தவர்களைக் குழிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் இறக்கி வைத்து ஜெபம் சொல்வதற்காக, நாலு பக்கமும் வளைவு வைத்து, மேலே கும்பாவைக் கவிழ்த்த மாதிரி கூரை போட்டுக் கட்டினார்கள். பிறகு யுத்தம் வந்தது. ஊருக்குக் கிழக்கே கரிசல் காட்டைச் சமப்படுத்தி விமானம் இறங்க ஓடுபாதை போட்டார்கள். இறங்கத் தெரியாமல் விழுந்தவர்களையும், ஏறும்போதே விழுந்தவர்களையும் இந்த மண்டபத்தில்தான் கிடத்தினார்கள். யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்களும் போன பிறகு மண்வெட்டியும் சுண்ணாம்புமூட்டையும் வௌவால்களும் அங்கே குடியிருந்தன. கடைசியில், விமானங்களில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற சிலர் சங்கம் வைத்து, சுவருக்கு வெள்ளையடித்து, ஒரு பழைய விமானத்தின் இறக்கைவிசிறியைக் கூரையின் நடுவில் தொங்கவிட்டு, சுற்றிலும் கறுப்புக் கல் பதித்து அதில் பெயர்களை வெட்டினார்கள். கடலில், பனியில், காட்டில் விழுந்து உடல் கிடைக்காமல் போனவர்களின் பெயர்கள் மட்டும். கல்லறை உள்ளவருக்குச் சுவரில் இடமில்லை என்பது சங்கத்தின் விதி. செயலாளர் தேவசகாயம் சார் அந்த விதியைத் தன் மீசையைப்போலக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

விசிறியை மாட்டிய அன்று ஏணியின் உச்சியிலிருந்து கால் தவறிய கொத்தனார், தலையணை விழுவதுபோல மெதுவாகத் தரையில் விழுந்து, எழுந்து, வேட்டியைத் தட்டிவிட்டு ஒரு பீடி கேட்டார். அப்படித்தான் அது தெரியவந்தது. மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து மூன்று நாள் எல்லாரையும் நிறுத்துப் பார்த்து எழுதிக்கொண்டு போனார், அப்புறம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஊர்க்காரர்கள் தாங்களாகவே அதன் சட்டதிட்டங்களைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அரிசிமூட்டை குறையாது, கல் குறையாது, மரம் குறையாது. இரத்தம் ஓடிய எதுவும் பாதியாகும், செத்ததானாலும் சரி. தோல்செருப்பு பாதியாகும், ரப்பர்செருப்பு அப்படியே இருக்கும். செய்யது பாய் கடையில் வாங்கிய இரண்டு கிலோ ஆட்டுக்கறியை யாரோ மண்டபத்துக்குள் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்துவிட்டு, பாய் பாதிக்குப் பாதி ஏமாற்றிவிட்டார் என்று பஜாரில் நின்று கத்தியதிலிருந்து, 'புகைபிடிக்கக் கூடாது' பலகைக்குக் கீழே 'இறைச்சி கொண்டுவரக் கூடாது' என்றும் எழுதி வைத்தார்கள். மாசமாக இருக்கிற பெண்கள் ஒன்பதாம் மாசத்தில் பகல்நேரம் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. யாரும் தனியாகப் போவதுமில்லை.

குறைந்த பாதி எங்கே போகிறது என்று முதலில் சொன்னவர் கல்லறைக் காவலர் குருசுமுத்து. மத்தியானச் சாப்பாட்டுக்காக மண்டபத்தைப் பூட்டிவிட்டு வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறக்கும்போது, உள்ளே பெஞ்சுகள் ஒவ்வொன்றாக முனகுவதை அவர் கேட்டிருக்கிறார். ஆள் உட்கார்ந்தால் வருகிற முனகல். திறந்து பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள், காற்றே இல்லாமல் விசிறி மட்டும் அரைச்சுற்றுச் சுற்றி நிற்கும்.

"உடம்பு கெடைக்காம போனவங்கள்லா," என்றார் குருசுமுத்து. "நம்ம உடம்புல பாதிய வாங்கிப் போட்டுப் பாக்காங்க. போட்டுட்டுப் போறாங்க, நமக்கு என்ன? வெளிய வரும்போது திருப்பிக் குடுத்துருதாங்கள்லா?"

அது நியாயமாகத்தான் பட்டது. நடந்து முடித்தவர்கள் வெளியே வந்து மறுபடி மெஷினில் ஏறி, கொடுத்தது கொடுத்தபடி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு காப்பி குடிக்கப் போனார்கள்.

பவுலின் டீச்சர் அந்த ஊர்க்காரி இல்லை. பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். கல்யாணமாகிப் பதினாலு மாசத்தில் அவளுடைய கணவன் தனிஸ்லாஸ் போன சரக்குவிமானம் வடகிழக்கு மலையில் மோதியது. அவன் பிறந்த ஊர் மேட்டுத்தோப்பு என்பதால் பெட்டி இங்கே வந்தது. துத்தநாகத் தகட்டால் மூடிப் பற்றவைத்த பெட்டி. திறக்க வேண்டாம் என்று தாளில் எழுதியிருந்தது. அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது, எழுதியிருந்தால் அதன்படி செய்ய வேண்டும் என்று நினைக்கிற வயது.

மேட்டுத்தோப்பில் பெட்டி தூக்குகிறவர்கள் அடக்கம் முடிந்ததும், கை கழுவுவதற்கு முன்னால், செத்தவர் எவ்வளவு கனமாக இருந்தார் என்று வீட்டாரிடம் வந்து சொல்லவேண்டும். லேசாக இருந்தார் என்றால் மனக்குறை இல்லாமல் போனார். கனத்தார் என்றால் வீட்டில் யாரோ ஒருவர் மன்னிப்புக் கேட்டு மெழுகுதிரி ஏற்றவேண்டும். அன்று முன்வரிசையில் தூக்கிய குருசுமுத்து அவளிடம் வந்து, "சரியான கனம், தங்கச்சி. ஆள் எப்படியோ அப்படி" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

அந்த வார்த்தையை அவள் ஒரு வருஷம் ஆறுதலாக வைத்திருந்தாள். பிறகு, தனிஸ்லாஸோடு வேலைபார்த்தவனின் மனைவி ஒருத்தி பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: அந்த மலையடிவாரத்தில் பெட்டி செய்கிறவர்கள் இரக்கமானவர்கள், ஆள் முழுசாகக் கிடைக்காவிட்டால், ஒன்றுமே கிடைக்காவிட்டாலும்கூட, செத்தவரின் அடையாள அட்டையில் எழுதியிருக்கிற எடைக்குச் சரியாக ஆற்றுமணலை நிரப்பிவிடுவார்கள், தூக்குகிறவர்களுக்கு மனசு விட்டுப்போகக் கூடாது என்று. அன்றிலிருந்து கல்லறைத் திருநாளுக்கு வருகிறபோதெல்லாம் பவுலின், தனிஸ்லாஸின் அட்டையில் இருந்த அறுபத்தெட்டு கிலோவைப் பற்றியே நினைத்தாள். தெற்குச்சுவர் ஓரம் கல்லறையில் பூ வைத்துவிட்டு, மண்டபத்தில் பெயர்களை வெட்டிய பிறகு அதற்குள்ளும் வந்து, அவன் பெயர் இல்லாத சுவரின் முன்னால் நிற்பாள். பாதி உடம்போடு நிற்கும்போது, போன பாதியை யாரோ தோளைச் சரிசெய்து போட்டுக்கொள்வதுபோல இருக்கும். அது அவனாக இருந்தால் கல்லறையில் இருப்பது மணல். அவன் கல்லறையில் இருந்தால், இது யாரோ வேற்று ஆண்பிள்ளை. அந்த நினைப்பு வந்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்துவிடுவாள். எந்த இடத்தில் நின்று அழுவது என்று தெரியாததால் இருபத்தாறு வருஷமாக அவள் பஸ்ஸில்தான் அழுதாள்.

மாசி மாசம் அவளுக்குக் கடிதம் வந்தது. சாலையை அகலப்படுத்துகிறார்கள். தெற்குச்சுவர் வரிசையில் பதினோரு கல்லறைகளை வடக்குப் பக்கம் மாற்றவேண்டும். எடுத்ததை மண்டபத்தில் வைத்து ஜெபம் சொல்லிவிட்டு, அன்றைக்கே மறுபடி அடக்கம். வீட்டார் வரவும்.

அவள் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே ஊருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பற்றவைத்த பெட்டியைத் திறக்கவேண்டியதில்லை. மண்டபத்துக்கு வெளியே ஒருமுறை நிறுத்து, உள்ளே ஒருமுறை நிறுத்தால் போதும். மணல் குறையாது, மனுஷன் குறைவான். முழுசாக அவன்தான் என்றால் முப்பத்துநாலு கிலோ குறையவேண்டும். எடை மெஷினில் பெட்டி நிற்காது என்பதால், உயிர் ஆடு நிறுக்கிற மேடைத்தராசை செய்யது பாய் மூன்றுதரம் கழுவி, மேலே புது வெள்ளைத்துணி விரித்து, தள்ளுவண்டியில் கொண்டுவந்திருந்தார். காலையில் நடந்து முடித்துப் போன முழங்கால்காரர்கள் எல்லாரும், சாயங்காலம் நடக்கிறவர்கள்போல, மூன்று மணிக்கே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"தாசில்தார் ஆபீஸ் ஆளு இங்கதான் இருக்காரு, டீச்சர்," என்றார் தேவசகாயம் சார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா உத்தரவு வாங்கிரலாம். திறந்தே பாத்துரலாம்."

"பாக்க வேண்டாம் சார். நிறுத்தா போதும்."

மற்ற பத்தையும் முதலில் எடுத்தார்கள். அவை பழங்கல்லறைகள், பெட்டி மக்கி எலும்புதான் மிச்சம். வெள்ளைத்துணியில் கட்டி, பேரனோ மருமகனோ மண்டபத்துக்குள் ஏந்திப் போனார்கள். படி தாண்டும்போது ஒவ்வொருவர் கையும் சட்டென்று ஒரு விரற்கடை மேலே எழும்பியது. "லேசாயிட்டு" என்று ஒருவன் யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான். உள்ளே விசிறி மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

தனிஸ்லாஸின் குழியைத் தோண்டும்போது குருசுமுத்து மண்வெட்டியைத் தன் மகனிடம் கொடுத்துவிட்டு அவளருகில் வந்து குந்தினார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லட்டா?"

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அன்னைக்கு உங்கிட்டச் சொன்னேம்லா, சரியான கனம்னு. பொய் இல்ல. சரியாத்தான் இருந்துது. அதான் எனக்கு அன்னையிலருந்தே ஒருமாதிரி. நானூறு, ஐநூறு பேரத் தூக்கியிருப்பேன். செத்தவங்க யாருமே சரியா இருக்க மாட்டாங்க. கூடத்தான் இருப்பாங்க, இல்லன்னா கொறச்சலா இருப்பாங்க."

அவள் அவருடைய கைகளைப் பார்த்தாள். அவர் அன்று கை கழுவியது நினைவுக்கு வந்தது.

மரப்பெட்டி உதிர்ந்துபோயிருந்தது. துத்தநாகப்பெட்டி மட்டும் சாம்பல் நிறத்தில், மேலே பற்றவைத்த கோடு ஒரு பெரிய தையல்போலத் தெரிய, கயிற்றில் ஏறி வந்தது. நாலு பேர் தூக்கிக்கொண்டுவந்து மண்டபவாசலுக்கு வெளியே தராசில் வைத்தார்கள். செய்யது பாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பஜாரில் அவர் தராசை ஒருதரம் சந்தேகப்பட்டு அதற்காக வெட்கப்பட்ட ஊர் அது, பிறகு அவர் சொல்லும் எடையை யாரும் எட்டிப் பார்த்ததில்லை.

"நூத்திப் பன்னெண்டு."

தராசை முதலில் உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். பிறகு பெட்டியைத் தூக்கினார்கள். பவுலின் பக்கத்திலேயே நடந்தாள். படியைத் தாண்டியபோது அவளுடைய உடம்பு வழக்கம்போல அவளிடமிருந்து பாதி கழன்றது, கால் தரையில் பதியாமல் பதிந்தது. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, தூக்கியவர்களின் முகத்தைப் பார்த்தாள். நாலு முகமும் கனத்தில் சிவந்தன. தாங்கள் பாதியாகிப்போனதால் பெட்டி அவர்களுக்கு இரட்டிப்பாகியிருந்தது. பின்னால் வந்தவனின் கழுத்து நரம்பு புடைத்தது. அதைப் பார்த்ததும் வெளியே நின்ற கோமு, "ஏசுவே, மணலா" என்று முனகியது உள்ளே எல்லாருக்கும் கேட்டது.

பாய் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

இப்போது எல்லாரிடமும் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்றும் குறையாமல் நூற்றுப்பன்னிரண்டு என்றால் சுவர். முப்பத்துநாலு குறைந்து எழுபத்தெட்டு என்றால் கல்லறை. பவுலினும் சுவர், கல்லறை என்ற இரண்டையும்தான் பஸ்ஸில் வரும்போது ஜெபமாலை மணிபோல மாற்றிமாற்றி உருட்டிக்கொண்டு வந்தாள்.

"நூத்தி ஒம்பது," என்றார் பாய்.

யாருக்கும் புரியவில்லை. இன்னொருதரம் பாருங்க என்றார் தேவசகாயம் சார். பெட்டியை இறக்கி, தராசைச் சரிசெய்து, மறுபடி ஏற்றினார்கள். அதே நூற்று ஒன்பது.

"மூணு கொறையுது," என்றார் பாய் மெதுவாக. அவர் பவுலினைப் பார்த்துச் சொல்லாமல் தராசைப் பார்த்துச் சொன்னார். "அப்ப உள்ள ஆறு கிலோ இருக்குது, டீச்சரம்மா. மிச்சம் மணலு."

மண்டபத்துக்குள் பத்துத் துணிமூட்டைகளும் ஒரு பெட்டியும் இருபது முப்பது அரைமனிதர்களும் இருந்தார்கள். வெள்ளைச்சுவரோரத்தில் யாரும் உட்காராத பெஞ்சு ஒன்று, யாரோ எழுந்துகொண்டதுபோல, நிம்மதியாக ஒருமுறை முனகியது.

தேவசகாயம் சார் மீசையைத் தடவினார். உண்மையைச் சொல்லிவிடவேண்டும் என்று நினைக்கிற ஆள் அவர். "தப்பா நினைக்காதீங்க. பூட்ஸ் வச்சிருக்கலாம். பெல்ட்டு. தோல்தானே, அதுவும் குறையும்."

"அவர் பூட்ஸுக்கு நான்தான் சார் பாலிஷ் போடுவேன்," என்றாள் பவுலின். "பதினாலு மாசம். அது என்ன கனம்னு எனக்குத் தெரியும். ஆறு கிலோ இருக்காது."

சார் தலையாட்டினார். தன்னுடைய விதியைத் தன் கையாலேயே வளைக்கிறவரின் சங்கடத்தோடு, "அப்படின்னா சுவர்லயும் பேரைப் போட்டுரலாம் டீச்சர். மிச்சம் அறுபத்திரண்டு கிலோ கிடைக்காதவர்தானே," என்றார்.

பவுலினுக்குச் சிரிப்பு வந்தது. இருபத்தாறு வருஷத்தில் அவனைப்பற்றி ஒருவர் சொன்னதில் இதுதான் சரியாக இருந்தது என்று தோன்றியது. சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறப் பார்த்தது. அவள் பெட்டியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, பற்றவைத்த கோட்டின்மேல் கையை வைத்து, தையல் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கிறவள்போல ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலை ஓட்டினாள். எந்த ஆறு கிலோ என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்க, விரலை மறுபடியும் முதலிலிருந்து ஓட்டினாள். அவளிடமிருந்து போயிருந்த பாதி பின்னால் எங்கேயோ சுவரோரமாக நின்றுகொண்டிருந்தது. இன்று அது யாருக்காக வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். முந்தானையை இழுக்கவில்லை.

சாமியார் வந்து ஜெபம் சொன்னார். பத்து மூட்டைகளையும் வடக்குப் பக்கத்துச் சின்னக்குழிகளுக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். குருசுமுத்து மட்டும் போகாமல் நின்றார்.

"தங்கச்சி, இவருக்கு மட்டும் இன்னும் குழி வெட்டல. என்ன கனம்னு பாத்துட்டு வெட்டலாம்னு இருந்தேன். அந்தப் பக்கம் எடம் ரொம்ப நெருக்கடி. சின்னக் குழி போதும்னா வெட்டிருதேன். பெட்டியத் திறந்து நீ பாக்கவேண்டாம், நான் துணியில எடுத்துக் கட்டிக் குடுத்துருதேன். மணல வேம்புக்கு அடியில கொட்டிருவோம்."

"வேண்டாம் அண்ணாச்சி. மணலும் வரட்டும்."

"அது வெறும் மணலுல்லா."

"அங்க மலையில, யாருமே இல்லாத நேரத்துல, அவர்கூட வந்தது அதுதான," என்றாள் பவுலின். "நான் பூ வச்சது அதுக்கும் சேத்துத்தான். ஆள்நீளமே வெட்டுங்க. பக்கத்துல எனக்கும் ஒரு எடம் விட்டு வெட்டுங்க."

குருசுமுத்து அவளைப் பார்த்தார். பிறகு மகனைக் கூப்பிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே போய் வெட்டினார். கரிசல் மண் என்பதால் ஒருமணி நேரம் ஆனது. அதுவரை ஊர்க்காரர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து, அவள் தனியாக இருக்கக் கூடாது என்பதற்காக, பெட்டியைச் சுற்றி மெதுவாக நடந்துகொண்டிருந்தார்கள். யாரும் எடை பார்த்துக்கொள்ளவில்லை.

பெட்டியைத் தூக்க நாலு பேர் குனிந்தபோது, பவுலின் இடதுபக்கம் முன்னால் நின்றவனின் தோளைத் தொட்டு விலகச் சொன்னாள்.

"பொம்பளையாளு தூக்குற வழக்கம் இங்க இல்ல டீச்சர்," என்றார் தேவசகாயம் சார்.

"செத்தவங்க மண்டபத்துல முழங்கால் வலிக்கு நடக்குற வழக்கமும்தான் இல்ல," என்றாள் கோமு. "நாம நடக்கலியா? வழி விடும் அண்ணாச்சி."

பவுலின் குனிந்து, விளிம்பைத் தோளில் வாங்கி நிமிர்ந்தாள். பாதி உடம்புக்கு அது தாங்காத கனம். கண் இருட்டிக்கொண்டு வந்தது, பின்னால் இருந்தவன் "மெல்ல, யம்மா, மெல்ல" என்றான். விசிறி அசையாமல் நின்றது. நாலு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, தாங்கள் தூக்குவது முக்காலேமூணுவாசி ஆற்றுமணல் என்று தெரிந்தே, ஒவ்வொரு அடியாக வாசலுக்கு வந்தார்கள். வெளியே ஐந்தரை மணி வெயில் இருந்தது. படியைத் தாண்டியதும் முதலில் அவள் உடம்பு அவளுக்குத் திரும்பி வந்தது, முழங்கால்களில், இடுப்பில், உள்ளங்காலில். பெட்டி பாதியாகிவிட்டதுபோல இருந்தது. இரண்டு அடி வைத்தாள். பின்னால் வந்த இருவரும் படி இறங்கி, பெட்டியின் வால்முனை நிழலைவிட்டு வெயிலுக்கு வந்தபோது, அவள் தோளில் புதிதாகக் கொஞ்சம் கனம் வந்து உட்கார்ந்தது. உள்ளே குறைந்திருந்த மூன்று கிலோவை நாலு பேர் பங்குபோட்டால் ஒருவருக்கு முக்கால் கிலோ. பின்னாலிருந்து ஒருவர் வந்து கையை வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவு.

அவள் நின்றாள். மற்ற மூன்று பேரும் நின்றார்கள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.